சந்தனம் பூசிய பில்டர்

என் கணவருக்குக் கார் ஓடினால் மட்டும் போதாது. அது ஓடுகிறது என்பது எங்கள் ஊர் கிள்ளானில் பாதிப் பேருக்காவது தெரியவேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் வாங்கிய கார், பாவம், ஒரு சத்தமும் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலேயே செய்த வெள்ளைக் கார். முதல் சொந்தக்காரர் பத்திரமாக வைத்திருந்தார். அந்த அமைதிதான் இவருக்குப் பொறுக்கவில்லை.

பொனட்டுக்குள் ஓரமாக ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். எஞ்சினுக்குப் போகிற காற்று அதன் வழியாகத்தான் போகும். மேலே மூடி, உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகித பில்டர், முன் விளக்குக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை இழுக்க ஒரு குழாய். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் வந்த வேலையைப் பார்க்கும். காரோடு வருகிற இந்தச் சாமானை ‘ஸ்டாக்’ என்பார்கள். இவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது முந்தாநாள் குழம்பைச் சொல்வது போல முகத்தைச் சுளிப்பார்.

அதைக் கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடையில் ‘ஓப்பன் பில்டர்’ ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். சிவப்பாக, கூம்பு வடிவத்தில், எண்ணெய் தடவிய துணியும் கம்பிவலையும் சேர்த்துச் செய்தது. மூடி கிடையாது. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி உட்கார்ந்திருக்கும். கடைக்கு அழைத்துப் போனவர் இவருடைய அண்ணன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவர் தன் காருக்கும் அதையேதான் மாட்டியிருந்தார். அண்ணன் எதை மாட்டினாலும் தம்பிக்கும் அது வேண்டும். அது என்ன ரத்தமோ, எனக்கு விளங்கியதே இல்லை.

எதற்கு இது என்று கேட்டேன். மூக்கடைத்தவனால் ஓட முடியுமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார். ஸ்டாக் பெட்டி எஞ்சினின் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறதாம், இது திறந்துவிடுகிறதாம், பத்துக் குதிரைச் சக்தி கூடியிருக்கிறதாம். யார் எண்ணிப் பார்த்தது என்றால் அண்ணன் சொன்னார் என்று பதில் வரும். பொனட்டுக்குள் அனல் அடிக்கிறதே, அந்தச் சூட்டுக் காற்றைத்தானே இது குடிக்கும் என்று ஒருநாள் கேட்டேன். “உனக்கு இதெல்லாம் புரியாதுலா,” என்றார். புரிந்ததால்தான் கேட்டேன். ஆனால் அன்றைக்கு விட்டுவிட்டேன்.

குதிரை கூடியதோ இல்லையோ, சத்தம் கூடியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு பெரிய ஆள் தொண்டையைச் செருமுவது போல உர்ரென்று ஒரு இழுப்பு. முச்சந்தியில் திரும்பும்போதே வீட்டுக்குள் கேட்கும். நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன், கல் காய்வதற்குள் இவர் உள்ளே வந்துவிடுவார். அந்த ஒரு உபயோகத்தை மட்டும் நான் மறுக்கமாட்டேன்.

அந்த ஆண்டு நவராத்திரிக்கு ஒன்றரை மாதம் முன்னால் எனக்கு மாற்றல் வந்தது. அதுவரை கிள்ளானில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நவராத்திரி முடிந்ததும் செமினிக்குப் போகச் சொன்னார்கள். பஸ் பிடித்தால் கோலாலம்பூரில் இறங்கி, காஜாங்கில் இறங்கி, அங்கிருந்து இன்னொன்று. பள்ளி மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரமுடியும். காரில் போகலாம், அல்லது வேலையை விடலாம். வேறு வழி கிடையாது. அந்த வேலை எனக்கு எவ்வளவு பெரிது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே நானாகப் படித்து நானாகச் சம்பாதித்துக்கொண்ட வேலை அது. கரும்பலகை முன்னால் நிற்கும்போதுதான் நான் முழுசாக நானாக இருந்தேன்.

லைசென்ஸ் என்னிடம் இருந்தது. எடுத்த நாளிலிருந்து தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தேன், ஓட்டியதுதான் இல்லை. கணவருக்குப் போர்ட் கிள்ளானில் ஷிப்டு வேலை, கம்பெனி பஸ் வீட்டு வாசலுக்கு வரும். கார் சும்மாதான் நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பழக்கிக் கொடுத்தார். நான் நன்றாகவே ஓட்டினேன். கிளட்ச் இழுபடவில்லை, எஞ்சின் நிற்கவில்லை. ஆனால் இவருக்குத்தான் பக்கத்தில் நிம்மதியாக உட்காரத் தெரியாது. தன் காலடியில் பிரேக் இருப்பது போல எதிரே ஒரு சைக்கிள் வந்தால்கூடத் தரையை மிதிப்பார். போய் வருவதற்குள் எனக்குக் கை வலிக்காது, அவருக்குக் கால் வலிக்கும்.

தனியாக ஓட்ட நல்ல நாள் பார்த்தார்கள். விஜயதசமியன்று தொடங்கினால் எந்தக் கல்வியும் கைகூடும் என்று மூத்தாரும் சொன்னார், நானும் சரி என்றேன். மூத்தார் என்றால் அந்தப் பிரிக்பீல்ட்ஸ் அண்ணன்தான். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. வீட்டில் கத்தி, கத்தரிக்கோல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பிறகு காருக்கு வந்தார்கள். மாலை போட்டாச்சு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாச்சு. பிறகு மூத்தார் பொனட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினைக் கும்பிடாமல் காரைக் கும்பிட்டு என்ன புண்ணியம் என்றார். பொனட்டுக்குள் கண்ணைக் கவர்வது போல இருந்தது அந்தச் சிவப்புக் கூம்பு ஒன்றுதான்.

பார்க்கவும் அது லிங்கம் கணக்காக இருக்கிறதா, இவர் பக்தியில் மூழ்கிவிட்டார். சந்தனத்தை அள்ளிச் சுற்றிலும் பூசினார். மேலே குங்குமம் வைத்தார். விபூதியைக் கை நிறைய எடுத்துப் பட்டை போட்டார். எஞ்சினை ஓடவிட்டுச் சாம்பிராணி காட்டினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். சாம்பிராணிப் புகை சுருள் சுருளாக அந்தக் கூம்புக்குள்ளேயே போனது. “பாத்தியா, சாமி ஏத்துக்கிட்டாரு!” என்று மூத்தார் பூரித்துப் போனார். சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தது நான்தான். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை நல்ல நேரத்தில் வண்டியை எடுத்தேன். வீட்டிலிருந்து காய்கறி வாங்கும் பாசார் வரைக்கும் போய்வரலாம் என்று கிளம்பினேன். முதல் சிக்னலில் நின்றது, அப்படியே எஞ்சினும் நின்றது. திரும்ப எடுத்தால் இரண்டு உதறு உதறிவிட்டு மறுபடி நின்றது. பின்னாலிருந்த லோரிக்காரன் ஹாரன்மேல் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். பயத்தில் கிளட்சைப் பட்டென்று விட்டிருப்பாய், போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கணவர்.

போகப் போக மோசமானது. செமினிக்குப் போகிற வழி முழுக்க எனக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு அவமானம் உண்டு. பத்து தீகா டோலில் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினால் நிற்கும். காஜாங் ரவுண்டபவுட்டில் நடுவில் போய் நிற்கும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஒருநாள் பள்ளி வாசலிலேயே நின்றுபோனது, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து தள்ளினார்கள். தள்ளிவிட்டு எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிரித்தேன், பிறகு ஆசிரியர் அறைக் கழிவறையில் போய் அழுதேன்.

இவர் ஓட்டினால் மட்டும் நிற்காது. அதுதான் என் வாயை அடைத்தது. ராத்திரிச் சாப்பாடு வாங்க இவர் காரை எடுத்துக்கொண்டு போவார், உர்ரென்று போய் உர்ரென்று வருவார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார். இவர் கால் எப்போதும் ஆக்சிலேட்டரை விட்டு இறங்காது. சிக்னலில் நின்றாலும் மிதித்து மிதித்து உறுமிக்கொண்டே இருப்பார். எஞ்சின் அடங்கி ஓடினால்தானே நிற்கும், இவர்தான் அதை அடங்கவே விடமாட்டாரே. அதெல்லாம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அப்போது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மூத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தீர்ப்புச் சொன்னார். சிலருக்குக் கார் ராசி இல்லையாம். நாள் பார்த்துப் பூஜை போட்டுத் தொடங்கியும் இப்படி என்றால், அது கை ராசிதானாம். கார் கெட்டுப்போவதற்குள் வேலையை விட்டுவிடுவது நல்லதாம். நான் தேத்தண்ணீர்க் குவளையை மேசையில் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன். கணவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேலயும் இப்படியே நின்னுச்சுன்னா வேலைய விட்டுரு. நடுரோட்டுல உன்ன எவனாச்சும் அடிச்சிட்டுப் போயிட்டா நான் என்ன பண்றது?”

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை. எனக்கு அப்போது இருந்த கோபத்துக்கு அவர் சும்மா கத்தியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, பள்ளி விட்டுத் திரும்பும்போது செமினியைத் தாண்டியதும் கார் நின்றது. நல்ல வெயில். சாவியைத் திருகித் திருகி என் மணிக்கட்டே வலித்தது. இறங்கிப் பொனட்டைத் திறந்தேன். திறந்து என்ன செய்வதென்று தெரியாது, ஆனால் ஆம்பிளைகள் அப்படித்தானே செய்கிறார்கள், நானும் திறந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கோயில் வாசம் வந்தது. முதலில் பக்கத்தில் எங்கோ கோயில் இருக்கிறது என்றுதான் திரும்பிப் பார்த்தேன். ரப்பர் மரங்கள்தான் இருந்தன. வாசம் எஞ்சினிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தால் சிவப்புக் கூம்பு சிவப்பாகவே இல்லை. சந்தனம் சூட்டில் காய்ந்து ஓடு போலப் பிடித்திருந்தது. அதன்மேல் எண்ணெயில் ஊறிய விபூதி, அதன்மேல் ரோட்டுத் தூசி. விரலால் தொட்டேன், பெயரவில்லை. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினேன். பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. தேத்தூள் அடைத்த வடிகட்டியில் தண்ணீர் எப்படி இறங்கும்? அப்படித்தான் இதற்குள் காற்று போயிருக்கிறது.

ஒரு பக்கம் முழுக்கச் சுரண்டிவிட்டு எஞ்சினை எடுத்துப் பார்த்தேன். எடுத்தது. உதறல் இருந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்னொரு பக்கமும் சுரண்டினேன், உதறல் குறைந்தது. நடுரோட்டில் தனியாக நின்று சிரித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஐயோ, ரெண்டு வாரமா என் கிளட்சையா குறை சொன்னீங்க, என்று சத்தமாகவே சொன்னேன். பிறகு அழுகையும் வந்தது. நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பூஜைக்கு முன்னால் நான் ஓட்டிய ஞாயிறுகளில் கார் ஒருமுறைகூட நின்றதில்லை. பூஜைக்கு மறுநாள் தொடங்கியது. நானும் அதே மறுநாளில் தொடங்கினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், யாரும் சந்தனத்தைப் பார்க்கவில்லை. நல்லது செய்த இடத்தில் யார் போய்த் தேடுவார்கள்?

கூம்பைக் கழுவி மாட்டியிருக்கலாம். அதற்கென்று தனித் தண்ணீர், தனி எண்ணெய் எல்லாம் கடையில் உண்டு. ஆனால் எனக்கு வீம்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிள்ளானில் கார் சாமான் கடையில் ஒரிஜினல் காகித பில்டர் ஒன்று வாங்கினேன். சாயங்காலம் இவர் நைட் ஷிப்டுக்குப் பஸ் ஏறியதும் படிக்கட்டுக்கு அடியிலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். இவருடைய ஸ்பானர்களைக் காரின்மேலேயே பரப்பிக்கொண்டேன். கூம்பைப் பிடித்திருந்த கிளிப்பைத் தளர்த்தினால் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் காற்றை அளக்கிற சென்சர். அதன் வலைக்கண்ணிலும் விபூதி மாவு மாதிரி படிந்திருந்தது. வகுப்பில் சாயம் தீட்ட வைத்திருந்த மெல்லிய தூரிகையால் தட்டி, வாயால் ஊதினேன். அதைப் பெட்டியோடு பொருத்தி, குழாயை மாட்டி, மூடியை அழுத்தினேன். கிளிப்புகள் டக்கென்று விழுந்தன. அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

சனிக்கிழமை பள்ளியில் விளையாட்டு, கழகம் என்று புறப்பாட நடவடிக்கை இருந்தது. இவர் வேலையிலிருந்து வருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். கார் ஓடுகிறதா என்று இரண்டு தடவை மீட்டரைப் பார்த்தேன், அவ்வளவு அமைதி. டோலில் நிற்கவில்லை. காஜாங் ரவுண்டபவுட்டில் இடம் பார்த்து நுழைந்து வெளியே வந்தேன், யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பள்ளி வாசலில் தள்ளுவதற்குத் தயாராக நின்ற பிள்ளைகளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மத்தியானம் வீடு திரும்பி, காரைப் போர்ச்சில் விட்டு, உள்ளே வந்தேன். இவர் அப்போதுதான் தூங்கி எழுந்து பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பர் கையிலிருந்து நழுவியது. 

“கார் எங்க? மறுபடியும் நின்னு போச்சா? நீ எப்படி வந்த?”

“வெளியதான் நிக்குது. ஓட்டிட்டு வந்தேன்.”

“சத்தமே கேக்கலயே!”

கேட்காது, போய்ப் பாருங்கள் என்றேன். பொனட்டைத் திறந்து அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் சுரண்டி எடுத்த சந்தன ஓடுகளை ஒரு பழைய பேப்பரில் மடித்து வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சாமி கும்பிட்டதில் குற்றம் கண்டுபிடிக்காதே என்று மெதுவாக ஆரம்பித்தார்.

“சாமி மேல ஒரு குத்தமும் இல்லைங்க. மூக்குல சந்தனத்த அப்புனா சாமிக்கே மூச்சு முட்டும்,” என்றேன்.

சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு சுற்றுப் போய் வந்தார். பிக்கப் குறைந்திருக்கிறதா என்று கேட்டேன்.  “சத்தம்தான் இல்ல,” என்றார். அவ்வளவுதான். போன பத்துக் குதிரைகளைப் பற்றியும் பேச்சில்லை, நான் ஓட்டியதைப் பற்றியும் பேச்சில்லை. அந்த மௌனம் எனக்கு உறுத்தியது. கார் சரியாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். நான் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை.

தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்ஸ் போனோம். இவர்தான் ஓட்டினார். மூத்தார் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். முறுக்குத் தட்டு சுற்றி வந்தது, கோழிக் குழம்பு வாசம் ரோடு வரைக்கும் அடித்தது. எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்ததும் மூத்தார் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தீபாவளி வந்துவிட்டதே, எப்போது வேலையை விடுகிறாய் என்று கேட்டார்.  பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அதை நான் சொன்னால் சாக்கு என்பார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் கையிலிருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ வேலைய விடலண்ணே,” என்றார். “கார் நின்னதுக்குக் காரணம் நான்தான். பில்டர் மேல சந்தனத்த அப்பி வச்சிருந்தேன். இவ முதல் நாள்லேருந்தே சரியாத்தான் ஓட்டியிருக்கா. நான்தான் நம்பல.”

 அண்ணனுக்கு முன்னால் இவர் இப்படி நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது மூத்தாரின் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே ஒரு பொனட் திறக்கிற சத்தம் கேட்டது. அவரும்தானே ஆயுத பூஜை போட்டிருந்தார்.

கிளம்பும்போது வெளிச்சம் இன்னும் இருந்தது. இவர் சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறிக்கொண்டார். பெடரல் ஹைவேயில் பண்டிகை நெரிசல். பஸ் ஒன்று சட்டென்று குறுக்கே வந்தது. நான் பிரேக் போட்டேன். பக்கத்தில் தரையை மிதிக்கிற சத்தத்தை எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்தேன். சுங்கை வே கிட்டே வந்தபோதுதான் திரும்பிப் பார்க்க முடிந்தது. வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.